பதினைந்து வருஷத்துக்குப் பூட்டிய பாஸ் கிட்டார்

அந்தக் கட்டடம்தான் முதலில் வந்தது. அதற்குள் என்ன செய்வது என்ற யோசனை பிற்பாடுதான் வந்தது. நாலு மாடி, கண்ணாடி முகப்பு, இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று ஓடும். கட்டி முடித்துச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்ட பெரிய மனிதர்கள், ஊரில் எதற்கெல்லாம் இன்னும் உயர் மையம் இல்லை என்று உட்கார்ந்து பார்த்தார்கள். மண்ணுக்கு இருந்தது. மீனுக்கு இருந்தது. சாதாரண கிட்டாருக்குக்கூட எதிர்த்த தெருவில் ஒன்று இருந்தது. பாஸ் கிட்டாருக்கு மட்டும்தான் நாதி இல்லை. அன்றைக்கே பலகை மாட்டிவிட்டார்கள்: எதிர்கால பாஸ் கிட்டார் வடிவமைப்பு உயர் மையம்.

பாஸ் கிட்டார் தெரியும்தானே? மேடையில் ஓரமாக ஒருவர் நின்று நாலு தடித்த கம்பிகளைச் சுண்டிக்கொண்டிருப்பாரே, அதுதான். வாசிக்கும்போது யாரும் அவரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நிறுத்தினால் பாட்டு காற்றுப் போன டயராகப் படுத்துவிடும். மையத்தில் முப்பத்திநாலு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் பாஸ் வாசிக்கத் தெரியாது. தெரிந்தவரைச் சேர்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று விதியே போட்டிருந்தார்கள்.

இந்த மையத்தின் வாசலில்தான் ஒரு புதன்கிழமை காலை நம் தையல்காரர் வந்து நின்றார். தையல்காரர் என்றால் சட்டை தைக்கிறவர் இல்லை, பை தைக்கிறவர். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் மூட்டை மாதிரிப் பை. பாட்டுக்கும் அவருக்கும் சம்பந்தம் அவர் மனைவி மட்டும்தான். அந்த அம்மாள் கச்சேரிக் குழுவில் பாஸ் வாசிக்கிறவள். ஆள் ஐந்தடிகூட இல்லை. வாசித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். குழுவில் எல்லோரும் அவளை இடி என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரரும் கோபமாக இருக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார், மனசுக்குள்.

இடிக்கு மூன்று மாதமாக இடது தோளில் வலி. இரண்டு பாட்டுக்கு மேல் நிற்க முடியவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நாலு கிலோவைத் தோளில் தொங்கவிடாதீங்க என்று சொல்லிவிட்டார். குழுவை நடத்துகிறவர் அவளுடைய சொந்த அண்ணன், கீபோர்டு வாசிப்பவர். அவர் அதற்கு மேல்.

"என் மேடையில உக்காந்து வாசிக்கற பேச்சே கிடையாது. பாக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை பூங்கா கச்சேரியில நீ நின்னு வாசிக்கலைன்னா, பாஸை நான் கீபோர்டுலயே இடது கையால போட்டுக்கறேன். அப்புறம் என்னைக்கும் அப்படித்தான்."

பதினாறு வருஷம் வாசித்தவளை ஒரு இடது கையால் துடைத்துவிடுகிறேன் என்றார் மனுஷன். அன்று முழுக்க வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

தையல்காரருக்கு மச்சானோடு சண்டை போடத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது வாரும் பக்கிளும்தான். மலையேறுகிற பையில் இடுப்புக்கு அகலமாக ஒரு பட்டை வரும். சுமை தோளில் உட்காராமல் இடுப்பில் உட்காரும். அதே பட்டையை மனைவியின் இடுப்புக்கு அளவெடுத்து, உள்ளே தடித்த பஞ்சு வைத்துத் தைத்தார். பழைய சூட்கேஸின் கைப்பிடித் தகட்டை வளைத்து, பாஸின் அடியில் இரண்டு திருகாணி போட்டு இறுக்கினார். தகடு பட்டையின் கொக்கியில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பையும் வைத்துத் தைத்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பை தைக்கிறவர் கை எதைத் தைத்தாலும் அதில் ஒரு பை வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை இடி அதை மாட்டிக்கொண்டு பத்துப் பாட்டு வாசித்தாள். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. பாஸைக் கழற்றாமலே போய் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். தையல்காரருக்கு அது போதும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசி தேடுவது மாதிரி நடித்தார்.

மச்சான் வந்து பார்த்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் மாப்பிள்ளை செஞ்சிருக்கீங்க. ஆனா ஒண்ணு. மாத்தியமைச்ச கருவின்னா உயர் மையத்து முத்திரை இல்லாம பூங்கா மேடையில ஏத்த மாட்டாங்க. ஒரு முத்திரைதானே, நாளைக்குப் போய்க் குத்திக்கிட்டு வந்துருங்க."

அப்படித்தான் புதன்கிழமை அவர் பாஸைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது.

வரவேற்பில் ஒரு அம்மாள் இருந்தார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. வரவேற்பும் அவர்தான், எதிர்கால அறைக்குக் காப்பாளரும் அவர்தான். ஊழியர்களே அவரைச் சாவியம்மா என்றுதான் சொல்வார்கள். தையல்காரர் போனபோது அவர் கூடத்தில் வரிசையாக நின்ற பீடங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். முதல் பீடத்தில் கம்பி இல்லாத பாஸ். கம்பி இருந்தால் அறுந்துபோகும் என்று நீக்கிவிட்டார்களாம். இரண்டாவதில் கம்பியும் கழுத்தும் இல்லாத பாஸ். மூன்றாவதில் ஒரு பொத்தான் மட்டும். நாலாவது பீடத்தில் ஒன்றுமே இல்லை. அதை மற்ற மூன்றையும்விடக் கவனமாகத் துடைத்தார்.

"இதுல என்னங்க மேடம் இருக்கு?"

"இதுவா? இதுதான் முழுக்க எதிர்காலம். இன்னும் கருத்து நிலையில இருக்கு."

"அப்ப எதைத் துடைக்கறீங்க?"

"தூசி கருத்து நிலையில இல்லையே தம்பி."

பதினொரு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. சாவியம்மா கேள்வி கேட்டுக் கேட்டுக் கணினியில் தட்டினார். ஒன்பதாம் பக்கம் வரை சுகமாகத்தான் போனது.

"இந்தக் கருவி எந்த வருஷத்துல வேலை செய்ய ஆரம்பிக்கும்?"

"நேத்தே ஆரம்பிச்சிருச்சு மேடம்."

சாவியம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்படி எழுத முடியாது தம்பி. இந்தப் பட்டியல்லேருந்து ஒரு வருஷம் எடுக்கணும். முதல் வருஷமே இன்னும் பதினஞ்சு வருஷம் கழிச்சுதான் இருக்கு."

"நடுவுல இருக்கற வருஷமெல்லாம்?"

"அது வேற துறை."

"சும்மா விட்டுட்டா?"

"விட்டா கணினி நகராது. முதல் வருஷத்தையே போட்டுடறேன், என்ன இப்ப. ஒரு பேச்சுக்குத்தானே."

போட்டார். உள்ளே எங்கேயோ ஒரு மணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டு கோட்டு போட்ட நாலு பேர் வந்தார்கள். தையல்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பதினொரு வருஷத்தில் வெளியிலிருந்து வந்த முதல் எதிர்காலம் இதுதான் என்றார்கள். ஒருவர் கைதட்டினார், மற்றவர்கள் தட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தட்டினார்கள். தையல்காரரும் மரியாதைக்குத் தட்டினார். அவர் தட்டி முடிப்பதற்குள் பாஸும் பட்டையும் உள்ளே போய், கண்ணாடிப் பெட்டியில் ஏறி, பெட்டி பூட்டப்பட்டு, பூட்டின் மேல் அரக்கும் ஊற்றியாகிவிட்டது.

"எப்ப மேடம் திருப்பித் தருவாங்க? பத்து நிமிஷம் ஆகுமா?"

சாவியம்மா திரையைப் பார்த்தார். அவர் முகமும் கொஞ்சம் மாறித்தான் போனது. "பதினஞ்சு வருஷம் தம்பி. காலையில வாங்க, கூட்டம் குறைவா இருக்கும்."

வீட்டுக்குப் போய் அதை எப்படிச் சொன்னார் என்று கேட்காதீர்கள். இடிக்கு வேறு பாஸ் சரிப்படாது. கை சின்னது என்பதால் அவளுடையது கழுத்துக் குட்டையாகச் செய்தது. மற்றதில் கழுத்தின் நுனிக்கு விரலே எட்டாது. மச்சான் இரண்டு பேரிடம் இரவல் கேட்டுப் பார்த்தார், இரண்டும் அவள் உயரத்துக்கு நின்றன.

"என்னங்க," என்றாள் கடைசியில். "பதினஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு அம்பத்தேழு வயசு. அப்ப வாங்கிட்டு வந்து என்ன பண்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் அவர் மையத்தின் இயக்குநரைப் பார்க்கப் போனார். இயக்குநர் மீன் மையத்திலிருந்து பதவி உயர்வில் வந்தவர். நெட்டையான மனிதர். இரண்டு பேர் படுக்கலாம் போல ஒரு மேசை, அதன் மேல் ஒரு பேனா. தையல்காரர் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, அறையில் இல்லாத ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"பதினொரு ஆண்டுகளில் இம்மையம் இருநூற்றுப் பன்னிரண்டு பாஸ் கிட்டார்களை வடிவமைத்திருக்கிறது. அவற்றுள் ஒன்றேனும் ஓசை எழுப்பியது என்று ஒரு புகார் வந்ததுண்டா? இல்லை. வேலை செய்கிற பொருளை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். கடைக்காரர் செய்கிறார். ஆனால் வேலை செய்யாத ஒன்றை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகச் செய்துகொண்டே இருப்பதற்கு, ஐயா, ஓர் உயர் மையம் தேவைப்படுகிறது."

"சரிங்க சார். என் வீட்டுக்காரிக்குத் தோள் வலி சார்."

"எதிர்காலத்தில் மனிதனுக்குத் தோள் இருக்குமா என்பதே எங்கள் மூன்றாம் மாடியில் விவாதத்தில் இருக்கிறது."

"இப்ப இருக்கு சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் கண்டிப்பா இருக்கும். அதைத் திருப்பிக் குடுத்துருங்க, நான் பாட்டுக்குப் போயிடறேன்."

இயக்குநர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வழி உண்டு. அது இன்றே வேலை செய்கிறது என்று நிரூபணமாக வேண்டும். ஆனால் யோசித்துக்கொள்ளுங்கள். அப்படி நிரூபணமானால் எதிர்காலத்திலிருந்து நீக்கிவிடுவோம். வேலை செய்கிற பொருளைச் செய்தவர் என்ற பெயர் உங்களுக்குக் கடைசி வரை ஒட்டிக்கொள்ளும்."

"ஒட்டினா ஒட்டிட்டுப் போகட்டும் சார்."

இயக்குநர் பெருமூச்சு விட்டு, வெள்ளிக்கிழமை நிரூபணக் குழு முன் வரச்சொல்லி எழுதிக் கொடுத்தார்.

நிரூபணக் குழுவில் மூன்று நிபுணர்கள். மூன்று பேரும் கையுறை போட்டிருந்தார்கள். பெட்டியிலிருந்து எடுத்து வைத்த பாஸை முதல் நிபுணர் இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, இதை ஊதும் இடம் எது என்று கேட்டார். இரண்டாம் நிபுணர் விஷயம் தெரிந்தவர். கிட்டாருக்கு ஆறு கம்பி, இதில் நாலுதான் இருக்கிறது, மீதி இரண்டை விண்ணப்பதாரர் மறைத்திருக்கலாம் என்று குறிப்பு எழுதினார். மூன்றாம் நிபுணர் ஒன்றும் பேசவில்லை. அவர் தலைவர்.

பிறகு சோதனை. சோதனைக்குத் தரப்படுத்தப்பட்ட வாசிப்பாளர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தபோதுதான் தையல்காரருக்கு விளங்கியது. அது துணிக்கடை வாசலில் நிறுத்துகிற பொம்மை. தலையில் கொஞ்சம் பெயின்ட் உரிந்திருந்தது, இடது கை கழன்று நூலால் கட்டித் தொங்கியது. சட்டைப் பையில் மையத்தின் அடையாள அட்டை குத்தியிருந்தது.

பொம்மையின் தோளில் பாஸை முதலில் பட்டை இல்லாமல் மாட்டினார்கள். முதல் நிபுணர் அதன் முகத்தை உற்றுப் பார்த்து, வலி இல்லை என்று எழுதினார். பிறகு பட்டையோடு மாட்டினார்கள். மறுபடி பார்த்து, வலி இல்லை என்று எழுதினார்.

"இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை," என்றார் இரண்டாம் நிபுணர். "ஆகவே பட்டையால் இன்று யாதொரு பயனும் இல்லை. ஆகவே எதிர்காலத்தில் இருக்கலாம். ஆகவே பதினைந்து வருடம்."

"ஐயா, அது பொம்மைங்க."

மூன்றாம் நிபுணர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "எங்கள் ஊழியரைப் பற்றி மரியாதையாகப் பேசுங்கள்."

தையல்காரர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நாளை மறுநாள் காலை பத்து மணிக்குக் கச்சேரி. மச்சானின் இடது கை கண் முன்னால் வந்து வந்து போனது. பக்கத்தில் சாவிச் சத்தம் கேட்டது. சாவியம்மா டீயோடு வந்து, படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த வருஷத்தைத் தட்டினது நான்தானே தம்பி. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை."

"உங்களைச் சொல்லி என்னங்க."

"இருங்க, சொல்றதைக் கேளுங்க. பதினோரு வருஷமா இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு சத்தம் கேட்டதில்லை. நான் சாவியை ஆட்டினாத்தான் சத்தம். எனக்கே ஒரு மாதிரியா இருக்கு." டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார். "அந்தப் பொம்மைக்கு இடது கை உடைஞ்சிருக்கு, பாத்தீங்கல்ல? அது ஊழியர். கை உடைஞ்ச ஊழியருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. விடுப்புல போனா, பதிலுக்கு ஒரு ஆளைப் போட்டே ஆகணும். விதி நாப்பத்தொண்ணு. நாளைக்கு ஆண்டு விழா. இயக்குநர் பேசுவார். உங்க எதிர்காலத்தை மேடையில காட்சிக்கு வைக்கப்போறாங்க, வாசிப்பாளரோட தோள்ல மாட்டி. பொம்மை வரலைன்னா..."

தையல்காரர் டீயைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இடியின் கையில் ஒரு ஆணை கொடுத்தார்கள். தரப்படுத்தப்பட்ட வாசிப்பாளர் மருத்துவ விடுப்பில் இருப்பதால், அன்று பகல் பதினொன்றரை வரை அவர் பணியைத் தற்காலிகமாக ஏற்கும்படி அதில் இருந்தது. நிபந்தனைகள் மூன்று. பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. இடத்தை விட்டு நகரக் கூடாது. கண் சிமிட்டுவதற்கு ஆட்சேபணை இல்லை என்று பேனாவால் சேர்த்திருந்தார்கள், அது சாவியம்மாவின் கையெழுத்து.

"வாசிக்கக் கூடாதுன்னு போடலையே?" என்றாள் இடி.

"பொம்மை வாசிக்கும்னு யாருக்குத் தோணும்?" என்றார் சாவியம்மா.

மேடையில் இயக்குநர் பேசும் மேசை, அதன் பக்கத்தில் மைக்குக்கான ஒலிபெருக்கிப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் இடி. பாஸ் இடுப்புப் பட்டையில் உட்கார்ந்திருந்தது. எதிரே முப்பத்திநாலு ஊழியர்கள். கடைசி வரிசையில் தையல்காரர், கையைப் பிசைந்துகொண்டு. இயக்குநரின் உரைக்குத் தலைப்பு, ஓசைக்கு அப்பால். நாற்பது பக்கம்.

எட்டாம் பக்கத்தில் முதல் வரிசை தூங்கியது. பதினைந்தாம் பக்கத்தில் நடு வரிசை சாய்ந்தது. மூன்று நிபுணர்களும் ஒருவர் தோளில் ஒருவராகத் தூங்கினார்கள், எதிர்காலத்தில் தோள் இருக்குமா என்ற கவலை அப்போது அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இடி ஒரு மணி நேரமாக அசையாமல் நின்றாள். போன வாரம் வரை இரண்டு பாட்டுக்கு மேல் நிற்க முடியாதவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"கம்பியை நீக்கினோம்," என்று படித்தார் இயக்குநர். "கழுத்தை நீக்கினோம். உடலை நீக்கினோம். இனி நம்முன் நிற்கும் ஒரே தடை, வாசிப்பவர். வாசிப்பவரையும் நீக்கிவிட்டால் பாஸ் கிட்டார் முழுமை பெறும்."

இதை அவள் ஏற்கெனவே ஒரு தரம் கேட்டிருக்கிறாள், சொந்த அண்ணன் வாயால். இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு மனசில்லை. கை தானாக இடுப்புப் பட்டைக்குப் போனது. தையல்காரர் எதற்கென்று தெரியாமல் தைத்த அந்தச் சின்னப் பைக்குள், ஒயர் சுருட்டி வைத்திருந்தாள். ஒரு முனையைப் பாஸில் செருகினாள். மறு முனையைக் குனியாமலே கால் விரலால் நகர்த்தி, ஒலிபெருக்கிப் பெட்டியில் சும்மா கிடந்த ஓட்டையில் மிதித்துச் செருகினாள். இடத்தை விட்டு நகரவில்லை, நிபந்தனை நிபந்தனைதான்.

கம்பியில் ஒரே ஒரு அடி. கூடத்தின் கண்ணாடியெல்லாம் உறுமியது. நாலாவது பீடத்திலிருந்துகூடத் தூசி எழும்பியது.

முப்பத்திநாலு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். பதினொரு வருஷத்தில் தன் உரையின் நடுவில் யாரும் கண் திறந்து அவர் பார்த்ததில்லை. அடுத்த வரியைப் படித்தார். வரி முடிந்த இடத்தில் இடி கம்பியில் இரண்டு அடி வைத்தாள். அதற்கடுத்த வரியை அவர் தன்னை அறியாமல் அந்த அடிக்குச் சரியாக முடித்தார். அவள் கம்பியில் தாள நடையை ஆரம்பித்தாள், நிதானமாக, அவர் மூச்சு வாங்க இடம் விட்டு. மனுஷனுக்குக் குரல் ஏறியது. ஆண்டறிக்கை நடை போட ஆரம்பித்தது. துணைக்குழுக்களின் பெயர்ப் பட்டியலை அவர் படித்தபோது நடு வரிசை தலையாட்டியது. மூன்றாம் மாடி விவாத அறிக்கைக்கு எல்லோருடைய காலும் தரையில் தாளம் போட்டது. நாற்பது பக்கமும் தீர்ந்த பிறகு, விடமாட்டேன் என்று முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். முடித்தபோது கைதட்டல் ஓயவில்லை. இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீன் மையத்தில்கூட அவருக்கு இப்படி நடந்ததில்லை.

இரண்டாம் நிபுணர்தான் எழுந்து குட்டையைக் குழப்பினார். "ஐயா, ஒரு சந்தேகம். அது சத்தம் போடுகிறது."

"நாலு கம்பியோடவே," என்றார் சாவியம்மா கதவோரத்திலிருந்து.

இயக்குநர் இடியின் பக்கம் திரும்பினார். "எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள்?"

இடி வாயைத் திறக்காமல் சாவியம்மாவைப் பார்த்தாள். சாவியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றரை தாண்டிருச்சு. பேசலாம்."

"ரெண்டே முக்கால் மணி நேரம் சார்."

"தோள்?"

"மறந்தே போச்சு சார்."

இயக்குநர் கண்டிப்பான குரலில், கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்தார். மேற்படி கருவி இன்றே, முழு அளவில், பலர் முன்னிலையில் வேலை செய்கிறது என்ற குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது. இது எதிர்காலத்துக்கு முற்றிலும் தகுதியற்றது. இம்மையத்தின் நற்பெயரை முன்னிட்டு உடனே வளாகத்தை விட்டு அகற்றப்பட வேண்டும். கீழே வட்டமாக ஊதா நிறத்தில் முத்திரையைக் குத்தினார். கடிதத்தை நீட்டும்போது குரலை இறக்கினார்.

"அடுத்த மாதம் மண் மையத்தில் எனக்கு ஓர் உரை இருக்கிறது. உங்களுக்கு நேரம் இருக்குமா?"

"அண்ணன்கிட்ட தேதி கேட்டுச் சொல்றேன் சார்," என்றாள் இடி. நிபந்தனைதான் முடிந்துவிட்டதே, முதல் முறையாகச் சிரித்தாள்.

பாதி வழியில்தான் தையல்காரருக்கு ஒரு விஷயம் உறைத்தது. கையில் இருப்பது நிராகரிப்புக் கடிதம். பூங்காவில் அனுமதிக் கடிதமல்லவா கேட்பார்கள்? வீட்டுக்குப் போய் அதை நாலு தரம் படித்தார். எப்படிப் படித்தாலும் அது திட்டாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கா மேடையின் பின்வாசலில் காவலாளி கையை நீட்டினார். தையல்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். காவலாளி ஒரு வரிகூடப் படிக்கவில்லை. காகிதத்தைத் திருப்பி, கீழே இருந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முத்திரை இருக்கு. போங்க."

நின்று யோசித்தால் அவர் மனசு மாறிவிடுமோ என்று தையல்காரர் மனைவியைத் தள்ளாத குறையாக மேடைக்கு அனுப்பினார்.

பத்தொன்பது பாட்டு. நாலாவது பாட்டு வரை மச்சான் இடது கையைத் தயாராக வைத்துக்கொண்டு தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதில் பார்ப்பதை நிறுத்தினார். ஒன்பதாவதில் அந்த இடது கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் ஒரு நெட்டையான மனிதர் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். தையல்காரர் திரும்பிப் பார்த்ததும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

கச்சேரி முடிந்தது. ட்ரம்ஸ்காரர் மேடையிலேயே மல்லாந்து படுத்தார். பாடகி ஒரு பெட்டி மேல் சரிந்தாள். மச்சான் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து தங்கைக்குப் பக்கத்தில் போட்டார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்களுக்கு நாற்காலி போடத் தெரியும்.

"உக்காரும்மா. ரெண்டு மணி நேரமா நிக்கறே."

இடி பாஸைக் கழற்றவில்லை. "நீ உக்காருண்ணே," என்றாள். "நான் மூணு மாசமா உக்காந்தாச்சு."

மச்சான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மேடைக்குக் கீழே ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த தையல்காரரை மெதுவாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை. கீபோர்டுக்கு இந்த மாதிரி ஏதாவது தைக்க முடியுமா?"

"முடியும் மச்சான்," என்றார் தையல்காரர். "ஆனா உடனே வேலை செய்யும். பரவால்லையா?"